கூமாப்பட்டிக் கோயிலில் நான் வாசித்த ஞாயிறு

காலையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். விளங்காமல் போன உங்கள் வலது கைக்கு வருஷக்கணக்காய் நான் தேய்த்துவிட்ட அதே தைலம். வாசனை அறையெல்லாம் நிறைந்ததும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதிகள். நம் மூத்தவனுடைய பெரிய மகள் கிருஷ்ணன்கோவில் காலேஜில் இன்ஜினியரிங் முடித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். அதிகாரிக்கே இங்கிலீஷில் பதில் சொல்கிறாளாம். அடுத்தவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று ஊரே சொல்கிறது. கடைக்குட்டி சாமுவேல்தான் படிப்பில் எல்லாரையும் மிஞ்சியவன். ராஜபாளையத்து மில்லில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு, வடக்கே ஒரு மலையூருக்கு ஊழியத்துக்குப் போயிருக்கிறான். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான், ஞாயிறு தோறும் ஆராதனை நடத்துகிறான். இதையும் நல்ல சேதியாகத்தான் எழுதுகிறேன். அவனைப் பெற்ற நம் மூத்தவன் அப்படி நினைக்கவில்லை.

சாமுவேல் மலேரியாவில் படுத்த சேதி வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. நேற்று மூத்தவன் ரயில் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"எம்மா, வியாழக்கிழமை போறேன். அவனக் கையோட இழுத்துட்டு வாரேன். ஊழியம் ஊழியம்னு அப்பா ஒடம்பத் தொலைச்சது போதாதா? எம்மவனும் தொலைக்கணுமா?"

"கூப்பிட்டா வருவானா?"

"வரலைன்னா எனக்கு மவனே இல்ல."

சொன்னால் செய்கிறவன், உங்கள் பிடிவாதம். அவனும் போய், சாமுவேலும் வரமாட்டேன் என்றால், அந்த வாசலிலேயே அப்பனும் பிள்ளையும் அறுந்து போவார்கள்.

கூமாப்பட்டிச் சபையில் நீங்கள் உபதேசியாராக இருந்தபோது மூத்தவன் வண்டி கொண்டுவந்து நின்ற ஞாயிறு ஞாபகம் வந்தது. உங்கள் குரல் வயற்காடு வரைக்கும் கேட்கும். பக்கவாதம் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சும் இல்லை, வலது கையும் விளங்கவில்லை. நம்மை ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போக விடியும்போதே வந்துவிட்டான் மூத்தவன். கட்டிலையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினான். நீங்களோ நம் வேதக்கோயிலுக்குப் போய் இடது கையால் மணிக்கயிற்றை இழுத்தீர்கள்.

"யப்பா, யாருக்கு மணி அடிக்கீங்க? பேசுறதுக்கு வாய் வேணும்லா?"

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சனங்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. முன்னால் இருந்த சபைப் பெரியவர் தங்கையா எழுந்துவிட்டார்.

"உபதேசியாரே, உக்காருங்கய்யா. கோயிலப் பூட்டிருவோம். நாங்க வத்திராயிருப்புக் கோயிலுக்குப் போய்க்கிடுதோம்."

நீங்கள் உட்காரவில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தீர்கள். விழப்போகிறீர்கள் என்று பதறி ஓடிவந்தேன். வேதப்புத்தகத்தில் ஒரு வரியின் மேல் இடது கை விரலை வைத்தீர்கள்.

"ஏங்க, நான் அஞ்சாங்கிளாஸுங்க..."

விரல் நகரவில்லை. வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். வாசித்தேன். பெரிய பெயர்கள் வந்த இடத்தில் நாக்குத் தட்டியது. அங்கேயே உங்கள் விரல் நின்றது, கன்று மடியைக் கண்டுபிடிக்கும் வரை பசு நிற்பது போல. மறுபடியும் ஹாரன். தங்கையா உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நீங்கள் இடது கையை மட்டும் உயர்த்தினீர்கள், எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

வெளியே வந்தால், மூத்தவன் கயிற்றை அவிழ்த்துக் கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குரல் இருந்த காலத்தில் நீங்கள் சொல்வீர்களே, "ஏட்டி, கூப்பிட்ட ஆண்டவர் இன்னும் போகச் சொல்லலையே" என்று, அதை நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன். உங்களை அடக்கம் செய்யும் வரை அந்த ஊரில்தான் இருந்தோம். அதற்கப்புறம்தான் நான் ராஜபாளையத்துக்கு மூத்தவன் வீட்டுக்கு வந்தேன்.

நேற்றுத்தான் கேட்டேன். "ஏலே, அன்னைக்கு எதுக்குச் சாமான எறக்குன?"

"கோயில் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில செத்த நேரம் நிக்க மாட்டாத மனுஷன், அங்கன அம்புட்டு நேரம் நின்னாகம்மா. வண்டியில ஏத்துனா செத்துப் போவாகன்னு தோணிச்சு."

சொல்லிவிட்டு டிக்கெட்டையே பார்த்தான். சாமுவேல் பேர் என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். இன்றைக்கும் ஞாயிறு தோறும் பஸ் ஏறிப் போய் அதே கோயிலில் வாசிக்கிறேன். தட்டுகிற இடத்தில் அவசரப்படாமல் நிற்க நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான் என்னிடம் இருக்கிற சொத்து. அதனால் அவனுக்காகவும் காத்து நின்றேன்.

"போன்ல வர்ற படத்துல மூஞ்சியே சரியாத் தெரியல," என்றான் கடைசியில். "ஒடம்பு தேறியிருக்கானா என்னன்னு... ஒரு போட்டோ வரட்டும், பொறவு பாப்போம். நான் கேட்டேன்னு எழுதிராத."

டிக்கெட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டான். கிழிக்கவில்லை.

உங்களுக்கு எழுதுவதை இத்தோடு நிறுத்திவிட்டு, சாமுவேலுக்கு எழுதப் போகிறேன். இப்படித்தான் எழுதுவேன்: ராசா, மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. புதிதாக ஒரு போட்டோ எடு. நீ நின்று ஆராதனை நடத்துகிற இடமும் அதில் தெரிய வேண்டும். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கசங்காமல் அட்டை வைத்து, உடனே தபாலில் அனுப்பு. உறையின் மேல் என் பேர் வேண்டாம். உன் அப்பா பேரை எழுது.