வலியை நடிப்பென்று சொன்ன பணி மருத்துவர் மீது புகார்

அனுப்புநர்
பள்ளி வேன் ஓட்டுநர்,
எலும்பு முறிவுப் பிரிவில் சிகிச்சை பெறும் பதினான்கு வயது மாணவியின் தாய்.

பெறுநர்
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: மகளின் முன்கை அறுவை சிகிச்சைக்குப் பின் நேர்ந்த அலட்சியம் – அடுத்த அறுவை சிகிச்சைக்கு முன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உயரம் தாண்டும் பயிற்சியில் மெத்தைக்கு வெளியே விழுந்து, என் மகளின் வலது முன்கையில் இரண்டு எலும்புகளும் முறிந்தன. தங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் அம்மையார் எலும்புகளுக்குள் கம்பி செலுத்தி நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார். அவர் வேலையைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

2. மறுநாள் பிற்பகல் கட்டுக்குள் கை வீங்கியது. விரலை லேசாக நீட்டினாலே அலறினாள். "கட்டைப் பிரிச்சிடச் சொல்லும்மா" என்று கெஞ்சினாள். பணி மருத்துவரிடம் ஓடினேன். அந்தப் பெருந்தகை தம் புது வீட்டுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கும் திருப்பணியில் போனில் இருந்தார். "வயசுப் பொண்ணுங்க கொஞ்சம் நடிப்பாங்கம்மா, மாத்திரை குடுத்துப் படுக்க வைங்க" என்றார். கட்டில் பக்கம் திரும்பாமலேயே நோயறிந்த அவரது ஞானதிருஷ்டியை இன்றும் வியக்கிறேன். மறுபடி போனேன். டைல்ஸ் சாம்பல் நிறமா வெள்ளையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

3. மாலையில் வந்த நிபுணர் அம்மையார் விரலைத் தொட்டதுமே கட்டைப் பிளந்தார். உள்ளே ஏறிய அழுத்தத்தில் தசைக்கு ரத்தம் போகவில்லை என்றார். மீண்டும் அறுவை அரங்கம்; தோலைக் கீறித் திறந்துவிட்டார். கை பிழைத்தது, எலும்பும் கூடிவிட்டது. மூன்று விரல்கள் மட்டும் மடங்கியே நிற்கின்றன. இப்போது தலை பின்ன என்னிடம் முதுகைக் காட்டி உட்காருகிறாள்.

4. என் முந்தைய புகாருக்குத் தங்கள் விசாரணைக் குழு அளித்த பதில்: "நோயாளிக்கு வலி தாங்கும் திறன் குறைவு." விழுந்த அன்று தொங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல் என் வேனில் வந்த பிள்ளை அவள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியுமாம். குழுவினர் அனைவரும் பரம சௌக்கியம் போலும். வாழ்க.

5. விரல்களை நீட்ட அடுத்த மாதம் இன்னோர் அறுவை சிகிச்சை. அதே வார்டு, அதே பணி மருத்துவர். "எனக்கு வலிச்சா நான் யார்கிட்டம்மா சொல்றது?" என்று கேட்டாள். அறுவை சிகிச்சைக்கு வர மறுக்கிறாள்.

ஆகவே அவரை அந்த வார்டிலிருந்து அகற்றவும், கட்டுப்போட்ட பிள்ளை வலி என்றால் மருத்துவர் கட்டிலருகே வந்து விரலைப் பார்த்தே ஆகவேண்டும் என உத்தரவிடவும் கோருகிறேன். இயலாதெனில், அவள் கேட்டதற்குப் பதிலைத் தாங்களே அவளிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை தங்கள் அறைக்கு அவளை அழைத்து வருகிறேன். எங்களுக்கு நாற்காலி வேண்டாம்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: வெளிநோயாளிகள் கூடம்

பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மாணவியின் தாய்