பலகையில் போன பொட்டு

8.11.87, ஞாயிறு
எதிர்வீட்டு ஜெயபாய் டீச்சரோடு மதுரைக்குப் போய் ஜெர்மன்காரர்களின் மர அச்சுப் படங்களைப் பார்த்தேன். சண்டைக்குப் போய்த் திரும்பியவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் பலகையில் வெட்டியவை. அழகுக்கென்று ஒரு கோடு கிடையாது. கோடாரியால் கொத்தின மாதிரி முகங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகப் பூச்சாடியும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தம்பி சோணைமுத்து பட்டாளத்தோடு யாழ்ப்பாணம் போய் மூன்று மாசம் ஆகிறது. கடிதம் வந்து இருபத்தாறு நாள்.

15.11.87
ஆசாரியிடம் பலகை வாங்கினேன். தம்பி பெண்டாட்டி குருவம்மாளை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தேன். பேண்டேஜ் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலையெல்லாம் பஞ்சு.

"என்னைய எதுக்கு மதினி? நல்ல ஆளாப் பாத்து வரைய வேண்டியதுதான?"

சொன்னாளே தவிர, முகம் கழுவிப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

22.11.87
கடிதம் இல்லை. ராஜபாளையம் முழுக்கக் கம்பெனிகளில் ஓவர்டைம். "கட்டுத்துணிக்கு எங்கருந்து மதினி இம்புட்டு ஆர்டர் வருது?" என்றாள் குருவம்மாள். நான் உளியைத் தீட்டப் போய்விட்டேன்.

6.12.87
இந்த வேலையில் வெட்டின இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நெற்றி முழுக்கச் செதுக்கி, பொட்டை மட்டும் மிளகளவு மேடாக விட்டிருந்தேன். உளி வழுக்கிவிட்டது. பொட்டு தெறித்து எங்கேயோ விழுந்தது. ஒட்டவைக்கலாம் என்று செதுக்கல் குப்பையில் தேடினேன் – கிடைக்கவில்லை.

சும்மா மரம்தானே? அப்புறம் ஏன் விளக்கு வைத்த பிறகும் தேடிக்கொண்டிருந்தேன்?

13.12.87
அத்தோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை, பலகையில் மை தடவிக் காகிதத்தில் ஒரு படம் எடுத்தேன். மை ஒற்றுவதற்குக் கட்டுத்துணி கொண்டுவந்த குருவம்மாள் பார்த்துவிட்டாள்.

"எம் பொட்டு எங்க மதினி?"

உளி வழுக்கினதைச் சொன்னேன்.

"அவிய அங்க இருக்கப்போ உங்க கை எப்படி வழுக்கும்?"

சோறு தின்னாமல் படுத்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அவ கேட்டதுல என்ன தப்பு? எனக்கே பயமாத்தான இருக்கு.

14.12.87
காலையில் குங்குமச் சிமிழோடு வந்து, படத்தின் நெற்றியில் விரலால் பொட்டு வைத்தாள்.

10.1.88
கடிதம் இல்லை. தினமும் குளித்ததும் முதலில் படத்துக்கு, பிறகுதான் தனக்கு. காகிதம் நெற்றியில் நைந்து ஓட்டையாகிவிட்டது. "இன்னொன்னு எடுங்க மதினி" என்றாள். எடுத்தேன்.

31.1.88
தந்தி. கையில் வாங்க எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை. ஜெயபாய் டீச்சர்தான் பிரித்துப் படித்தாள். லீவில் வருகிறானாம். குருவம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

14.2.88
தம்பி வந்து நாலு நாள். இளைத்திருக்கிறான், ஒரு கீறல் இல்லை. இன்று புதிதாக ஒரு படம் எடுத்து மை காயப் போட்டிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தப் பொம்பளைய உனக்கு எப்படித் தெரியும் யக்கா?"

"ஏலே, உம் பொண்டாட்டிடா இது."

"இல்ல. இது அங்க யாழ்ப்பாணத்துல, புருசன் பொணத்தோட வாசப்படியில உக்காந்திருந்த பொம்பள. அவரு என்ன பிழை செஞ்சாருன்னு கேட்டா. தமிழ்லதான் கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

படத்தின் வெறும் நெற்றியை விரலால் தொட்டான்.

குருவம்மாள் குளித்துவிட்டுச் சிமிழோடு வந்தாள். படத்துக்கு நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டான்.

"இவளுக்கு வைக்காத."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிமிழை மூடிவிட்டாள்.