எஸ்பெராண்டோவில் நீ சிரித்தது

பீளமேடு, கோவை
ஞாயிறு

அன்புள்ள ரித்திகாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலம் என்பது படங்களிலேயே தெரிகிறது. ஹங்கேரிக் குளிர் ஒத்துக்கொண்டு கன்னம் கூட உப்பியிருக்கிறது. போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று, புடாபெஸ்ட் வருகிற கதிர்வேலிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

சூலூர் பட்டறையில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். எஸ்பெராண்டோ மொழி பேசிப் பழக மூன்று மாதம் என்று போனவள், இன்னும் ஆறு மாதம் இருந்து அதைச் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது. உன்னை வீட்டில் தங்க வைத்திருக்கிற பெரென்ஸ் மேல் அல்ல. பல்செட் வைத்த எழுபது வயதுக்காரர் மேல் பொறாமைப்பட நான் என்ன கிறுக்கனா? சரி, கொஞ்சம் அவர் மேலும்தான். ஒரே மொழி பேசுகிறாள் என்பதற்காக, முன்பின் தெரியாத பெண்ணுக்குக் காசு வாங்காமல் அறை கொடுப்பார்களா என்ன?

ஆனால் பெரிய எரிச்சல் அந்த மொழி மேல். போலந்துப் பக்கத்துக் கண் டாக்டர் ஒருவர், உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று நூற்று முப்பது வருஷத்துக்கு முன் உட்கார்ந்து உண்டாக்கினாராம். பெயர்ச்சொல் எல்லாம் ஓ-வில் முடியுமாம், விதிவிலக்கே கிடையாதாம். சரவணம்பட்டி ஆபீஸ் பஸ்ஸிலேயே ஆறு மாதத்தில் படித்துப்போட்டாய். கல்யாணமாகி எட்டு வருஷமாக எங்கள் நாயுடு வீட்டில் விடிந்தது முதல் தெலுங்குதான். பல்லடத்திலிருந்து வந்த நீ ஒரு வாக்கியம் பேசியிருப்பாயா?

இதைக் கேட்டதற்குத்தான், தெலுங்குல நீங்கெல்லாம் ஊட்டுக்காரங்க, நான் விருந்தாளிங்க என்றாய். இதுல யாருக்கும் சொந்த ஊடு இல்லீங்க, பிரேசில்காரரும் ஜப்பான்காரரும் என்னையாட்டமே தட்டுத்தடுமாறிக் கத்துக்கிட்டவங்கதானுங்க என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் முழுசாகத் தீரவில்லை.

நானும் திருட்டுத்தனமாக அந்த மொழி படிக்கிற ஆப் ஒன்றை போனில் இறக்கினேன். வணக்கத்துக்கு சாலூத்தோன் என்று ஒரு வார்த்தை படித்ததுமே ஆத்திரம் வந்து அழித்துவிட்டேன்.

போன வாரம் வீடியோவில் பார்த்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நீ ஏதோ சொல்கிறாய், அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நீயும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாய். என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஒண்ணுமில்லீங்க, சும்மா என்றாய். பக்கத்தில் நின்ற அம்மா, இந்தப் பெண்ணுக்கு இத்தனை பேச வருமாடா என்று தெலுங்கில் கேட்டார். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் இரு என்று எழுத மனசு வரவில்லை. உடனே கிளம்பி வா என்று எழுதவும் பயமாக இருக்கிறது. நீ வந்துவிடுவாய், சொன்னால் கேட்பவள்தான். வந்து பெட்டியைப் பிரித்த மறுநாளே எங்கள் நடுவில் வாய் திறக்காமல் பரிமாறிக்கொண்டு நிற்பாய். அதை இனி என்னால் பார்க்க முடியாது ரித்திகா.

முடிவு உன்னுடையது. எங்கே இருந்தாலும் வாய் நிறையப் பேசி நன்றாக இரு அம்மணி. அதில் கொஞ்சம் என்னோடும் பேசு.

உன்
கிஷன்