வெறுமையும் பூச்சியமும் ஒன்றல்ல என்றவனுக்கு

இன்று காலை அலுவலகத் திரையில் ஒரு சிவப்பு வரி. படிவத்தில் யாரோ தட்டிய 5, எண்ணாக அல்லாமல் எழுத்தாக வந்திருக்கிறது. அதோடு 3 என்ற எண்ணைக் கூட்டமாட்டேன் என்று பைத்தான் நிரல்மொழி நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரன் சினத்தில் மேசையைத் தட்டினான். நான் சிரித்தேன். அந்த வரியைக் கண்டால் எனக்கு உன் நினைவுதான் வருகிறது.

ஏறாவூரில் உன் வாப்பாவின் புடைவைக் கடை மாடியில், வேலை கிடைக்காத இரண்டு பேர் ஒரே மடிக்கணினியை வைத்துச் சண்டை பிடித்தோம். உனக்குப் பைத்தான், எனக்கு ஜாவாஸ்கிரிப்ட். எது எண், எது எழுத்து என்று முன்கூட்டியே எழுதித்தரச் சொல்லாத மொழிகள் இரண்டும்; நிரல் ஓடும்போதுதான் பார்க்கும். பார்த்தபின் என்ன செய்கின்றன என்பதில்தான் நமக்குள் பகை. அதே 5-ஐயும் 3-ஐயும் கொடுத்தால் என் மொழி முகம் சுளிக்காமல் 53 என்று ஒட்டித் தரும்.

"உன்ர மொழி கலியாண வீட்டுப் பந்தி மச்சான். ஆர் வந்து குந்தினாலும் சோறு போடும்" என்பாய்.

"உன்ர மொழி சோதனைச் சாவடி. அட்டை காட்டாட்டி விடாது."

யுத்தகாலச் சாவடிகளில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்தவன் நான். 'நீ என்ன வகை' என்று கேட்கும் எதையும் எனக்குப் பிடிக்காது. நீ அதற்கும் பதில் வைத்திருந்தாய். "சாவடிக்காரன் ஆளை நிப்பாட்டினான். இது பிழையை நிப்பாட்டுது."

அந்த வருடம் வந்த வெள்ளத்தில்தான் எனக்கு அது விளங்கியது. கிரான் பாலம் மூழ்கி, ஆற்றுக்கு அப்பாலுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்குப் படகு மட்டுமே போன நாட்கள். வாசிகசாலையில் உலர் உணவுப் பொதி கட்டினார்கள். அக்கரையில் இருந்த தொண்டர்கள் வீடு வீடாகக் கேட்டு, தொலைபேசியில் ஆட்கணக்கு அனுப்பினார்கள். எந்த வீட்டுக்கு எத்தனை பொதி என்ற பட்டியலைத் தயாரிக்கும் நிரலை நான் எழுதினேன். ஆட்கள் வெளியேறிவிட்ட வீடுகளுக்குத் தொண்டர்கள் 0 போட்டிருந்தார்கள். 0-க்குச் சமமானால் விட்டுவிடு என்று இரண்டு சமக்குறி போட்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டில் அப்படிக் கேட்டால் வெறும் கட்டமும் பூச்சியமும் சமம். மூன்று குறி போட்டிருந்தால் அந்த மொழியும் கறாராகத்தான் பார்த்திருக்கும். நான் போடவில்லை. பட்டியல் ஒரு நொடியில் வந்தது.

"பாத்தியா, நிக்காம ஓடுது" என்றேன்.

நீ அதே தரவைப் பைத்தானில் ஓட்டினாய். அது நின்றது. நீ அந்த வரியைக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டி மீண்டும் ஓட்டினாய். மீண்டும் நின்றது. நான்கு வீடுகளில் ஆட்கணக்குக் கட்டம் வெறுமையாக இருந்தது. என் பட்டியலில் அந்த நான்கு வீடுகளும் இல்லை.

"படகு மூண்டு மணிக்கு வெளிக்கிடும்டா" என்றேன்.

"வெளிக்கிடட்டும். அவங்க ஒண்டும் சொல்லல்ல. ஆளில்ல எண்டு எழுத நீ ஆரு?"

அந்த நான்கு வீடுகளுக்கும் நீயே தொலைபேசி எடுத்தாய். மூன்று வீடுகளில் தொண்டர்கள் அவசரத்தில் எழுதாமல் விட்டிருந்தார்கள். நான்காவதில் ஒரு அம்மா.

"கேட்டவங்கதான் மனே. நான் என்னெண்டு சொல்லுற? சண்டை நேரம் புடிச்சிட்டுப் போன மகன் இன்னும் வரல்ல. அவனச் சேக்கிறதா, விடுறதா?"

ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க சொல்லுறதுதான் கணக்கும்மா" என்றாய்.

"அப்ப ரெண்டு எண்டு போடு."

"இல்லாத ஆளுக்கும் பருப்பா?" என்றார் பொதி கட்டிய ஒருவர். "இல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன? தெரிஞ்சா அந்த அம்மாட்டச் சொல்லுங்க" என்று நீ அவரிடமே தொலைபேசியை நீட்டினாய். அவர் வாங்கவில்லை. படகு இருபது நிமிடம் பிந்தியது. அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே 2 இருந்தது.

உன்னை விடத் திறமையான நிரலாளனை நான் இன்னும் காணவில்லை. கொழும்பில் நேர்முகத்துக்குப் போன இடமெல்லாம் உன் ஆங்கிலத்தைத்தான் எடை போட்டார்கள், உன் நிரலைத் திறந்தும் பார்க்கவில்லை. நீ வளைகுடாவுக்குப் போய் வெயிலில் பெட்டி தூக்கினாய். இருபத்தெட்டு வயதில் செத்துப்போனாய். உன்னை அங்கேயே அடக்கினார்கள். இங்கே வந்தது ஒரு மரணச் சான்றுத் தாள். காரணம் என்ற கட்டத்தில் 'இயற்கை' என்று அச்சடித்திருக்கிறது. உன் உடலை யாரும் பரிசோதித்ததாக அதில் ஒரு வரியும் இல்லை.

போன கிழமை உன் மனைவியும் நானும் உண்மைக் காரணத்தைக் கேட்டு மூன்றாவது தடவையாக வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனோம்.

"இயற்கை எண்டுதானே கிடக்கு, பிறகென்ன?" என்றார் எழுதுவினைஞர்.

"அது விடை இல்ல ஐயா. விடை தெரியாத இடத்தில ஆரோ நிரப்பினது" என்றேன்.

அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்து வைக்கும் இடத்தை அவர் காட்டினார். உன் மனைவி பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். வரும் திங்கட்கிழமை திரும்பவும் போகிறோம்.