துணி காயாத நாட்கள்

அன்புள்ள உங்களுக்கு,

நேரில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுகிறீர்கள். சாப்பாட்டுப் பையில் வைத்தால் பசிக்கும்போதாவது படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

ஆய்வகத்தில், கணினி நினைவகத்துக்காக, மின்சாரத்தை நிறுத்தினாலும் பதிந்ததை மறக்காத மெல்லிய ஆக்சைடு படலம் செய்கிறீர்கள். நான் மூன்று முறை சொன்னது மட்டும் உங்கள் தலையில் நிற்காது!

ஆறு வருடமாக, ஒரு வாரம் படலம் நன்றாக வருகிறது, மறு வாரம் மின்சாரம் கசிகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். இந்த வருடம் கசிந்தது என்று நீங்கள் புலம்பிய நாட்களை என் வீட்டுக் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தேன். பதினேழில் பதினைந்து, துணி காயவில்லை என்று நான் எழுதி வைத்த நாட்கள். அதற்கு என்ன சொன்னீர்கள்?

“துணி காயறதுக்கும் என் ஆராய்ச்சிக்கும் என்னம்மா சம்பந்தம்? அங்க ஏசி ஓடுது.”

ஓடட்டும். போன மாதம் சாப்பாடு கொண்டுவந்தபோது என் கண்ணால் பார்த்தேன். கரைசலைப் பூசும் மேசைக்குப் பின்னால், நெடி போகட்டும் என்று ஜன்னலை ஆவென்று திறந்து வைத்திருக்கிறீர்கள். கரைசலைக் கெடுக்கிற ஈரம் உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டா உள்ளே வரும்?

“எனக்குக் கொடுத்து வைக்கல” என்று ஆண்டவனை இழுக்காதீர்கள். ஜன்னலை மூடுவது அவர் வேலையில்லை.

இன்று உங்கள் துறைத் தலைவரிடம் கொடுப்பதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த விலகல் கடிதத்தைத் தேட வேண்டாம். நேற்றே சட்டையோடு சேர்த்து ஊறவைத்துத் துவைத்துவிட்டேன். தெரிந்தேதான்.

சட்டை இன்னும் காயவில்லை; இன்றும் உங்கள் படலம் கசிகிற மாதிரி நாள்தான். அதனால் இன்றே ஜன்னலை மூடிவிட்டு ஒரு படலம் பூசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உங்கள் மனைவி