செரிமானச் சீட்டு பதின்மூன்று

ஜூன் 9, திங்கள்

விடியுமுன் சுமத்ரா காற்று. மழை ஜன்னல் வழியாக மேசை வரைக்கும் வந்துவிட்டது. ஸ்டாண்டர்டு எட்டின் பயாலஜி நோட்டுகளில் மூன்று நனைந்தன. நல்ல வேளை, இருப்பதிலேயே மோசமான மூன்று.

மற்றவற்றைத் திருத்தினேன். பாசிப்பயறு முளைத்ததைப் பார்த்து எழுதச் சொன்னால், பாக்கியம் ‘வேர் தண்ணீருக்கு ஏங்குகிறது’ என்று எழுதியிருக்கிறாள். ஏங்கியதை இவள் எங்கே கண்டாள்? மூன்று மதிப்பெண் குறைத்தேன். ஓரத்தில் வழக்கமான வாக்கியம்: கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே. இந்த வருடம் இதை எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கை வலிக்கிறது.

ஹெ.மி. (ஹெட்மிஸ்ட்ரஸ் என்று முழுதாக எழுத நேரமில்லை) கூப்பிட்டார். 26ஆம் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கும் பயாலஜி. இல்லையென்றால் பெண்களுக்குத் தையலும் சமையலும் போதும் என்று முடித்துவிடுவார்கள். எனக்கும் தையல் வகுப்புதான். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

கையில் இருப்பவை: ஒரு பூதக்கண்ணாடி. கால் உடைந்த ஸ்டூல் இரண்டு. தவளை வெட்டும் தகரத் தட்டு ஒன்று, துருப்பிடித்தது. படம் எதுவும் இல்லை. இருந்த ஒரே படத்தைச் சண்டையின்போது ஜப்பான்காரன் எடுத்துப் போனான் என்கிறார்கள். அவனுக்குச் சிறுநீரகப் படம் எதற்கோ.

சீட்டுக்கட்டு செய்யலாம் என்று ஒரு யோசனை. நான்கு சாதி: செரிமானம், மூச்சு, இரத்தம், கழிவு. சாதிக்குப் பதின்மூன்று. கழுதை ஆட்டம் மாதிரி ஆடலாம். அட்டைக்கு எங்கே போவது?

பல் வலி. கிராம்பு.

ஜூன் 13, வெள்ளி

வெயில். அட்டை கிடைத்துவிட்டது.

மாமா (அக்கா வீட்டுக்காரர், மெர்லிமாவ் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி) பாச்சாங்கில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு மூட்டை நோட்டீசு கொண்டுவந்திருந்தார். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லி ஏரோப்பிளான் காட்டுக்கு மேல் போடுவது. பாதி தோட்டத்தில் விழுகிறதாம். ஆள்கள் பொறுக்கி ஆபீசில் கொடுக்க வேண்டும். ஆறேழு மாதமாகச் சேர்ந்தது. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. நல்ல தடிப்புத் தாள்.

“இத வெச்சுக்கிட்டு ரோட்ல திரியாத தங்கச்சி. சோதனையில புடிச்சானா, காட்டுக்காரனுக்குக் கொண்டு போறியான்னு கேப்பான்” என்றார் மாமா.

அதற்கும் வழி செய்தேன். இரண்டு தாளை, அச்சுப் பக்கம் உள்ளே வரும்படி ஒட்டினால் வெளியே இரண்டு பக்கமும் வெள்ளை. விறைப்பும் வரும். மரவள்ளி மாவுப் பசை, பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம்.

அக்கா: “ஜப்பான்காரன் காலத்துல இந்த மாவத்தான் தின்னு உசுரோட இருந்தோம். நீ என்னடான்னா தாள ஒட்டுற. நல்லா இருக்கு லா.”

நோட்டீசுகளில் பல ரகம். ஒன்றில் எழுத்து மட்டும். ஒன்றில் சரணடைந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் படம். ஒன்றில் சுடப்பட்டுக் கிடப்பவர்கள், முகம் பெரிதாக. இந்தக் கடைசி ரகத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமென்று காலையிலேயே பொறுக்கி எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்தேனா என்றால், அவசரத்தில் எடுத்தேன்.

மதியம் வகுப்பில் ஒட்டும் வேலை. நான்கு மேசை, மேசைக்கு ஒரு சாதி. “அச்சைப் பார்க்காதீர்கள், பசையைப் பாருங்கள்” என்றேன். யார் கேட்டது? இரண்டாம் மேசையில் (செரிமானம்) பாக்கியம் கையில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். பக்கத்திலிருந்த சரசு, “என்னாடி கனவு?” என்று தாளைப் பிடுங்கிப் பசை தடவி ஒட்டிவிட்டாள். பாக்கியம் அதற்கப்புறம் ஒன்றுமே செய்யவில்லை. சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

புடவையில் துத்தக் கறை. நீலம். போகாது.

ஜூன் 17, செவ்வாய்

புழுக்கம். சனி ஞாயிறு முழுக்கப் படம் வரைந்ததில் கழுத்து திரும்பவில்லை. 52 சீட்டும் தயார். சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் கல்லீரல் அழகாக வந்திருக்கிறது.

செரிமானம்: வாய், பல், நாக்கு, உமிழ்நீர்ச் சுரப்பி, தொண்டை, உணவுக்குழல், இரைப்பை, கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுகுடல், பெருங்குடல், மலவாய். கடைசியில் மலவாய் யார் கையில் நிற்கிறதோ அவள் கழுதை.

முதல் ஆட்டம் இன்று. ஐயோ, என்ன சத்தம்! “எனக்கு வேணாம்டி, நீயே வெச்சுக்க!” “டீச்சர், இவ மலவாய ஒளிச்சு வெக்கிறா டீச்சர்!” எல்லாரையும்விடக் குறைவாகப் பேசுகிற மலாய்ப் பெண்ணே (பேர் சித்தி) மேசையைத் தட்டினாள். அரை மணி நேரத்தில் சாப்பாடு போகும் வழி அத்தனை பேருக்கும் மனப்பாடம். போன வருடம் இதற்கு மூன்று வாரம் ஆனது.

ஹெ.மி. கதவில். “சூதாட்டமா?” என்றார். விளக்கினேன். கேட்டுவிட்டு, “இன்ஸ்பெக்டர் முன்னால் அந்தக் கடைசிச் சீட்டு மட்டும் வேண்டாமே” என்றார். அது இல்லாமல் மனுஷன் எப்படி உயிர் வாழ்வது என்று நான் கேட்கவில்லை.

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், அடிக்கடி வருவதில்லை.

ஜூன் 20, வெள்ளி

சைக்கிள் பிரேக் போய்விட்டது. காலால் நிறுத்தி வந்தேன். செருப்பு தேய்ந்தது.

சீட்டு எண்ணினேன். 49. பித்தப்பை, கணையம், நாக்கு, மூன்றும் இல்லை. மூன்றுமே செரிமானம். மற்ற சாதிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. எலி என்றால் சாதி பார்த்தா தின்னும்?

வகுப்பில் கேட்டேன். எல்லாரையும் நிற்க வைத்தேன். எனக்கே கால் வலித்தது, உட்காரச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று உணவுக்குழலும் இல்லை. கோபம் தலைக்கேறியது. பள்ளி விட்டதும் பூட்டாமல் வெளியே போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தேன்.

குழாயடியில் பாக்கியம். தவளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, உணவுக்குழலை ஊறப் போட்டு, நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தாள். என் மை எல்லாம் கரைந்து தட்டு முழுக்கச் சிவப்பு. அறைந்திருப்பேன். கை ஓங்கியும் விட்டேன்.

“அடிங்க டீச்சர். ஆனா இதுலயும் இல்ல.”

“எது இல்லை?”

“எங்க அண்ணன்.”

அவள் சொன்னது, அவள் சொன்ன வரிசையில்: அண்ணன் வேலு. தோட்டத்தில் யூனியனில் இருந்தவன். சர்க்கார் எமர்ஜென்சி போட்டு யூனியன்காரர்களைப் பிடிக்க ஆரம்பித்ததும் காட்டுக்குப் போனவன். நான்கு வருடம். “ஊருக்குக் கப்பல் ஏறிட்டான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கோம் டீச்சர். ஐ.சி. அடையாளக் கார்டு எழுத வந்தவங்ககிட்டயும் அப்படித்தான். உசுரோட இருக்கானா இல்லையான்னு எங்களுக்கே தெரியாது.” ஒட்டுகிற அன்று நோட்டீசில் அவன் முகம். கண்டுகொள்வதற்குள் சரசுவின் பசை.

“சாப்பிடுகிற படமா, மற்றதா?” என்று கேட்டேன்.

“அதான் தெரியல டீச்சர். மொகத்த மட்டுந்தான் பாத்தேன். கண்ணு மூடியிருந்த மாதிரி இருந்துச்சு. குனிஞ்சிருந்தானோ என்னமோ.”

அந்தக் கடைசி ரகத்தை நான் ஒழுங்காகப் பொறுக்கியிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. என் தப்பு. எழுதிக்கொள்கிறேன்.

மிச்சச் சீட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு அச்சும் ஒன்றன்மேல் ஒன்று, வெறும் இருட்டு. அவளும் முன்பே பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் மிச்ச நோட்டீசுக் கட்டைத் தேடினேன். அக்கா: “அதுவா? அடுப்பு பத்த வெச்சு முடிஞ்சே போச்சு.” மாமாவிடம் இன்னொரு கட்டு கேட்கலாம். ஏன் என்பார். பாக்கியத்தின் வீட்டார் இருக்கும் தோட்டம் அவருடையதற்கு அடுத்தது, சொன்னால் வேலுவைப் புரிந்துகொள்வார். கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

மந்தாரம். நாளை இன்ஸ்பெக்டர்.

மீதி ஒன்பது. ஊறப்போட்டால் சாதியே போச்சு, நாளைக்குக் காட்ட இருப்பதில் அதுதான் உயிர். நாளை மறுநாள் பிரித்தால் என்ன என்று காலையில் அவளிடம் சொன்னேன். நியாயமான யோசனைதான். “சரிங்க டீச்சர்” என்றாள். ஒரு பாடம் முழுக்க அவள் பலகையைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி விட்டதும் நானே கதவைச் சாத்தி, வெந்நீர் கொண்டுவந்தேன்.

வாய். எழுத்து மட்டும். பல். எழுத்து. சுரப்பி. கிடப்பவர்கள் படம், யாரோ சீனர். (ஆக, ஒன்று தப்பியிருக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை.) தொண்டை, இரைப்பை, எழுத்து. என் கல்லீரல். அதுவும் எழுத்துதான். சிறுகுடல், ஒன்றுமில்லை.

பெருங்குடல்.

பசை அதிகம், சரசு கை. மேல்பாதி மற்ற தாளோடு பிய்ந்துகொண்டு போய்விட்டது. முகம் இல்லை. மிஞ்சியது: மோவாய், கழுத்து, ஒரு வலது கை. சுண்டுவிரல் மடங்கியபடி. அந்தக் கை ஒரு தட்டில்.

“பால்வெட்டுக் கத்தி பட்டது டீச்சர், அந்த வெரலு. நிமிராது.” அப்புறம், “தட்டு. தட்டு இருக்கு டீச்சர். சாப்பிடுறான்.”

தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை, அவன் யாரோ.

துண்டை அவள் கொண்டுபோக முடியாது. தோட்ட வாசலில் பெண் போலீசு ஜாக்கெட் மடிப்பு வரை தடவிப் பார்க்கிறாள். கப்பலேறியவன் எப்படி நோட்டீசில் வந்தான் என்பாள். இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். “அம்மாகிட்ட வாயால சொல்லு. போதும்” என்றேன்.

மலவாயைப் பிரிக்கவில்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

ஜூன் 26, வியாழன்

மழை இல்லை. இன்ஸ்பெக்டர், வெள்ளைக்காரர், காலுறை முழங்கால் வரை. ஹெ.மி. புதுப் பவுடர்.

“செரிமானச் சீட்டு எங்கே?” என்று ஹெ.மி. பல்லைக் கடித்துக்கொண்டு. “ஈரமாகிவிட்டது” என்றேன். பொய் இல்லை.

வேறு வழியில்லாமல் பதின்மூன்று பெண்களை வரிசையாக நிற்க வைத்தேன். ஆளுக்கு ஓர் உறுப்பு. ஒரு வாழைப்பழத்தைக் கைமாற்றி, ஒவ்வொருத்தியும் தான் அதை என்ன செய்கிறாள் என்று சொல்ல வேண்டும். சரசு பித்தப்பை. சித்தி இரைப்பை, நன்றாகப் பிசைந்தாள். மலவாயாக நிற்க ஒருத்தியும் வரவில்லை. பாக்கியம் அந்த ஒற்றைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றாள். பழம் வந்து சேர்ந்தபோது கூழ். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். ஹெ.மி. சீலிங்கைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் போகும்போது, “கடிதம் வரும்” என்றார். என்ன கடிதம் என்று சொல்லவில்லை.

பல் பிடுங்க வேண்டும். சனிக்கிழமை.

ஜூன் 30, திங்கள்

வெயில். பல் போயிற்று. இடது பக்கம் மெல்ல முடியவில்லை, கஞ்சி. கடிதம் வரவில்லை.

பாக்கியம் (படிக்க இங்கே அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள்) சனிக்கிழமை பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய் இன்று காலை வந்தாள். இடைவேளையில் என் மேசைக்கு அருகே நின்றாள். அம்மாவிடம் சொன்னாளாம். அம்மா அழவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

“தட்டுல என்னா இருந்துச்சுன்னு கேட்டாங்க டீச்சர். நான் சரியா பாக்கல. நீங்க பாத்துச் சொல்றீங்களா?”

வீட்டுக்கு வந்து கண்ணாடித் துண்டை எடுத்தேன். ஜன்னலோரம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்டது: அச்சு மைப் புள்ளிகள். விரலும் புள்ளி, தட்டும் புள்ளி. தட்டின் நடுவில் புள்ளி குறைவு, வெள்ளையாக. ஓரத்தில் புள்ளி நெருக்கம், கறுப்பாக, சுண்டுவிரல் நீளம். வேறு எதுவும் தெரியவில்லை. அரை மணி நேரம் பார்த்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் அத்தை வீடு வரை போனேன். வாசலுக்கு வந்தாள்.

சோறு, தட்டு நிறைய என்றேன். ஓரத்தில் பொரித்த மீன், பெரிய துண்டு.