இரண்டு கோடு விழுந்தால் நல்ல தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பாதி நலம் என்று வைத்துக்கொள். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

நீ போனில் கத்திய கத்தல் இன்னும் காதிலேயே இருக்கிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனைப் பட்டைகளை, தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஆசையாக அனுப்பினாய். கூட இருந்த தாளை யார் படித்தார்கள்? உன் அண்ணி உண்டாகியிருப்பது தெரிந்ததே இரண்டு கோடு விழுந்துதானே, அதனால் இரண்டு என்றால் இருக்கிறது, ஒன்று என்றால் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நம் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு விழுந்தது, ஐயையோ விஷம் என்று பலகை போட்டு மூடினேன். உரக்கடைக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்கு ஒன்றுதான் விழுந்தது, அந்தத் தண்ணீரைப் போய், தாராளமா குடிம்மா சுத்தமான தண்ணி என்று பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு வாரமாகச் செம்பு செம்பாக ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், பாவி. பட்டையில் இருக்கும் என்னவோ ஆன்டிபாடி, அது மருந்தைப் பிடித்துக்கொண்டால் கோட்டைப் பிடிக்க அதற்குக் கை ஏது, அதனால்தான் ஒரு கோடு காணாமல் போகும் என்று நீ சொன்ன பிறகுதான் புத்தியில் ஏறியது.

உன் அண்ணன் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது, விஞ்ஞானியம்மா டீயையாவது சோதிக்காம குடுங்க என்கிறான். அண்ணியைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஓடினோம், அவர், பதறாதீங்க, பட்டை இருக்குன்னுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது, அளவு தெரியட்டும் என்றார். அதனால் குழாய்த் தண்ணீரை நீ சொன்னபடி கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, பழந்துணி சுற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அந்தக் குழாயில் யாரும் பிடிக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன், மானம் போனால் போகிறது, இப்போது தெருவே நம் கிணற்றில்தான் இறைக்கிறது.

முடிவை முதலில் என் காதில் போடு, அண்ணிக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் பார்த்துவிட்டு, இல்ல அத்தை, எனக்குத்தான் முதல்ல சொல்லணும், என் வயித்துப் பிள்ளை என்றாள். என் மேல கோபமாம்மா என்று கேட்டேன். இல்லை என்று அவள் சொல்லவில்லை. டம்ளரை நீட்டி, கிணத்துத் தண்ணி நீங்களே ஊத்துங்க என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணு, பாட்டிலைக் கையுறை போட்டுக்கொண்டு திற. உன் கையும் கண்ணும் உன் படிப்பும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். முடிவை அவளுக்கே முதலில் சொல். எப்போது கூப்பிடுவாய் என்பதை மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிவி, அந்த நேரத்தில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன்னிடம் திட்டு வாங்கியும் உன் மேல் உயிராக இருக்கும்
அம்மா